சென்னை வீட்டில் காட்டுயிர்: எதை வைப்பது, எதைத் தொடாமல் விடுவது

கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதையும் நாலாபுறமும் சாலையும் கட்டடமும் நெருக்குகின்றன. மிச்சச் சென்னை முழுக்க மொட்டைமாடி, காம்பவுண்டு சுவர், மழைநீர்க் கால்வாய், காலி மனை. மரநாயும் கீரியும் கூகையும் தேன்சிட்டும் பெரும்பாலும் இந்த மிச்சத்தில்தான் குடியிருக்கின்றன. ஆகவே இந்த ஊரில் காட்டுயிர்ப் பாதுகாப்பில் பாதி, வீட்டு வேலை.

அந்த வேலையில் நாம் செய்து தர வேண்டியவை மூன்றுதான்: தண்ணீர், சரியான செடி, இரவில் இருட்டு. மீதியெல்லாம் தெரியாமல் கைவைக்காமல் இருப்பது. "காப்பாற்றுகிறேன்" என்று தூக்கி வந்து பாலூட்டியே செத்துப்போகும் குஞ்சுகள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்பதுதான் இந்தக் கையேட்டில் முக்கியமாகச் சொல்ல வருவது.

தண்ணீர்த் தட்டு

பூந்தொட்டிக்கு அடியில் வைக்க விற்கும் 12 அல்லது 14 அங்குல மண் தட்டு போதும். புதுத் தட்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வையுங்கள். தண்ணீர் 3 முதல் 5 செ.மீ. ஆழம், அதற்கு மேல் வேண்டாம். சின்னக் குருவிகள் ஆழத்தில் இறங்காது, அணில் குட்டியும் தேனீயும் விழுந்தால் ஏற முடியாது. நடுவில் சொரசொரப்பான ஒரு கல்லை, தலை வெளியே தெரியும்படி வைத்தால் அந்தக் கவலை தீரும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம். மே மாத வெயிலில் அவற்றில் இருப்பது குடிநீர் அல்ல, வெந்நீர்.

காலையும் மாலையும் நிழல் விழும் இடம் பாருங்கள். தட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டராவது வெட்டவெளி இருக்கட்டும், பூனை பதுங்க இடமில்லாமல். அதற்கப்பால் உட்கார்ந்து நோட்டம் பார்க்க ஒரு கிளையோ கொடியோ இருந்தால் பறவைகள் தைரியமாக இறங்கும். முதல் ஓரிரு வாரம் எதுவும் வராமல் போகலாம். அதற்காக இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எப்போதுமே வராது.

பெரிய தொல்லை கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டுகிறது. தட்டு காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றுவது மட்டும் பற்றாது. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேயுங்கள். சோப்பு, பினாயில் வேண்டாம். சென்னை வெக்கையில் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். வாரக் கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி வெறும் சாதத்தால் கேடில்லை. குழம்புச் சாதம், மிக்சர், முறுக்கு, ரொட்டி எதுவும் வேண்டாம். புறாவுக்குப் படி படியாகத் தானியம் கொட்டுவது புறாவை மட்டுமே பெருக்கும். எச்சம் குவியும், எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சிட்டுக்குருவியும் சில்லையும் வருகிற தெருவென்றால் ஒரு கைப்பிடி தினை அல்லது கம்பு, காலையில் அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

செடிகள்

பட்டாம்பூச்சிக்குப் பூச்செடி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பூ என்பது போகிற போக்கில் தேன் குடிக்க. முட்டையிட்டுத் தலைமுறை வளர, ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கே உரிய இலை வேண்டும். வேறு இலையில் புழு பட்டினி கிடந்து சாகும். நல்லவேளையாக, சென்னையில் எளிதாக வளரும் செடிகளே பல இனங்களுக்குத் தாய்ச்செடி.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் முதலில். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் இவற்றின் இளந்தளிரில் ஒவ்வொன்றாக, கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டை இடும். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். அந்த ஏமாற்று வேலைதான் அதற்குக் கவசம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற இரட்டைக் கொம்பை நீட்டி வாடை விடும். கடிக்காது, அரிக்காது. இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுப்புழுவாகி, அடுத்த பத்து நாளை ஒட்டிப் பறந்துவிடும்.

தொட்டியில் வளரும் சின்னக் கறிவேப்பிலையை ஐந்தாறு புழுக்களே மொட்டையடித்துவிடும். அதனால் ஒன்று போதாது, மூன்று வையுங்கள்: சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு இரண்டு. சமையல் செடியில் புழு கண்டால் இலையோடு கிள்ளி மற்றச் செடியில் வைத்துவிடலாம். மொட்டையான செடி செத்துப்போகாது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் சில வாரங்களில் முன்பைவிடப் புதராகத் துளிர்க்கும்.

நர்சரியில் வாங்கிய அன்றே புழுவை விடுவதுதான் இதில் பலர் சறுக்கும் இடம். விற்பனைக்கு வரும் செடிகளுக்குப் பெரும்பாலும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். சில மருந்துகள் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறி நிற்கும், கழுவினாலும் போகாது. புதுச் செடியை நான்கைந்து வாரம் வெயிலில் வளரவிடுங்கள். பழைய இலைகளைக் கழித்துவிட்டுப் புதுத் தளிர் வந்த பிறகே அது பாதுகாப்பான செடி. வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானதுதான், ஆனால் புழுவுக்கு அதுவும் எமன். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து இறக்குங்கள், அல்லது பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள்.

அடுத்து எருக்கு. காலி மனையில் தானாக முளைத்து நிற்கும் எருக்கைக் களை என்று பிடுங்காதீர்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் வளர்கிறது. பால் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் எச்சரிக்கை. ஆவாரையோ சரக்கொன்றையோ இருந்தால் கொன்னை வெள்ளையன் கூட்டமாக வரும். வேலியில் ஈஸ்வரமூலிக் கொடி ஏற்றினால் சிவந்த உடலும் கறுத்த இறகும் கொண்ட அழகிகள் முட்டையிடும். ரணகள்ளியைக் கூடக் குடைந்து தின்று வளரும் ஓர் இனம் உண்டு. வேலியோரத்தில் கிலுகிலுப்பை இருந்தால் வரியன் இனத்து ஆண்கள் அதன் காய்ந்த தண்டை மொய்க்கும்; அதிலிருக்கும் வேதிப்பொருள் அவற்றுக்குத் துணைதேட உதவுகிறது.

தேனுக்கு வெட்சி, தும்பை, துளசி. துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவது வழக்கம். நான்கு கதிரில் ஒன்றையாவது விட்டுவையுங்கள். கொசுத்தேனீக்கு அது பெரிய விருந்து. சுவர்ப்பொந்தில் குடியிருந்து, மெழுகுக் குழாய் ஒன்றை வாசலாக நீட்டி வைத்திருக்கும் இந்தச் சின்னத் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. சிமெண்ட் பூசி அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி நிறைய வரும்தான், ஆனால் அது அயல்செடி. அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கும் பரப்பும். புதிதாக நடாதீர்கள்.

தொட்டிக் கணக்கு: 12 அங்குலத் தொட்டி அல்லது குரோ பேக். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுஉரம் 1 பங்கு. நனைந்தால் ஒரு தொட்டியே 20 கிலோ அளவுக்குக் கனக்கும். மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரை ஒட்டி, விட்டத்துக்கு மேலாக வரிசையாக வையுங்கள். கனம் குறைய வேண்டுமென்றால் மணலுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவு கலக்கலாம், ஆனால் அது சீக்கிரம் காயும். கோடையில் இருவேளை தண்ணீர் கேட்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் வடிகால் துளைகளைக் குத்தி விடுங்கள். அக்டோபர், நவம்பரில் செடி சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே பட்டாம்பூச்சியாகும். குளவி தூக்கும், எறும்பு தூக்கும், தையல்சிட்டு வந்து வரிசையாகப் பொறுக்கித் தின்னும். பாவம் பார்த்துப் புழுக்களைப் பாட்டிலில் அடைத்து வளர்க்காதீர்கள். ஒரே பாட்டிலில் நெருக்கி வைத்தால் கழிவில் பூசணம் பிடித்து, நோய் வந்து மொத்தமும் போகும். புழுவைத் தின்ன வந்த தையல்சிட்டும் நீங்கள் செடி வைத்ததால் வந்த விருந்தாளிதான்.

கூடு

தையல்சிட்டு இரண்டு மூன்று இலைகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து உள்ளே கூடு வைக்கும். அருகில் நின்றாலும் தெரியாது. கிளை கழிப்பதற்கு முன் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். வாயில் புழுவோடு ஒரே இடத்துக்கு ஒரு பறவை திரும்பத் திரும்பப் போனால் அரிவாளைக் கீழே வையுங்கள்.

தேன்சிட்டு துணி காயப்போடும் கொடியிலோ வராந்தா ஒயரிலோ தொங்கு கூடு கட்டும். இரண்டு முட்டை, இரண்டு வாரம் அடைகாப்பு, குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஆக, ஒரு மாதத்துக்கு அந்தக் கொடியை மறந்துவிடுங்கள். ஒயர் இருக்கும் இடத்தை மாற்றினால், வெறும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும், தாய் கூட்டைக் கண்டுபிடிக்காமல் கைவிட வாய்ப்பு அதிகம். செல்போனை மூக்குக்கு முன் நீட்டிப் படமெடுப்பதும் அதே விளைவைத்தான் தரும். காக்கை உங்களையே கவனித்துக்கொண்டிருக்கும், நீங்கள் போனதும் கூட்டுக்கு வரும்.

சிட்டுக்குருவிப் பெட்டி மாட்ட விரும்புகிறவர்கள் முதலில் அரை கிலோமீட்டர் சுற்றி நடந்து பாருங்கள். குருவியே இல்லாத தெருவில் பெட்டி மாட்டி வரவழைக்க முடியாது. இருந்தால்: 18 மி.மீ. மரப்பலகை, அடித்தளம் 12 முதல் 15 செ.மீ. சதுரம், உயரம் 20 செ.மீ., வாசல் துளை 32 மி.மீ. விட்டம். துளை பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். வாசலில் உட்காரக் குச்சி வைக்காதீர்கள். அது காக்கைக்குத்தான் வசதி. அடியில் நாலு சிறு துளை, மழைநீர் வடிய. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், வடக்கு அல்லது கிழக்குப் பார்த்து. மேற்குச் சுவரில் மாட்டிய அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் டப்பாவும் ஏப்ரலில் குஞ்சை வேகவைத்துவிடும். குருவிக் குஞ்சு முதல் நாட்களில் வளர்வது பூச்சியைத் தின்றுதான். மருந்தடிக்காத செடி பக்கத்தில் இல்லாவிட்டால் பெட்டி வெறும் அலங்காரம்.

கீழே கிடக்கும் பறவை

முதலில் பார்க்க வேண்டியது இறகு. உடம்பு முழுக்க இறகு வந்து, குட்டை வாலோடு தத்தித் தத்தி நடக்கிறதா? அது பறக்கப் பழகும் குஞ்சு, விழுந்ததல்ல. பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் நிற்பதால் வராமல் இருக்கும். நாய், பூனை, வண்டி அபாயம் இருந்தால் மட்டும் தூக்கிப் பக்கத்துக் கிளையில் உட்கார வைத்துவிட்டு நகருங்கள். கண் திறக்காத, இறகில்லாத குஞ்சென்றால் கூட்டைத் தேடி மேலே வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. கூடு பிய்ந்து போயிருந்தால் சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு, அதே கிளையில் கட்டுங்கள்.

வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பால், ரொட்டி, சாதம் எதுவும் வேண்டாம். மூடியுள்ள அட்டைப்பெட்டி, காற்றோட்டத்துக்குத் துளை, கீழே பருத்தித் துணி, இருட்டு, அமைதி. முதலுதவி அவ்வளவே. அடிபட்டிருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேளச்சேரி புளூ கிராஸுக்கோ கொண்டுபோங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை காக்கை தலையில் கொத்துகிறது என்றால் அருகில் அதன் குஞ்சு தரையில் இருக்கிறது என்று பொருள். இரண்டு வாரம் குடை பிடித்து நடங்கள். காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சும் இதே பருவத்தில் கீழே கிடக்கும். உடம்பில் புள்ளியோடு இருந்தால் காக்கைகளே அதைத் துரத்தக்கூடும், அதைப் பெட்டிக்குள் எடுக்கலாம்.

மாஞ்சா நூலில் தொங்கும் பறவையை இழுக்காதீர்கள். இழுத்தால் நூல் சதைக்குள் இறங்கும். முதலில் துணியைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, நூலின் இரு பக்கமும் விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். சதைக்குள் இருப்பதை மருத்துவர் எடுக்கட்டும்.

அக்டோபரில் ஒரு விசேஷ விருந்தாளி வரும்: ஆறுமணிக்குருவி. வடக்கே இனப்பெருக்கம் முடித்து இரவில் பறந்து தெற்கே வருகிறது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலுமாக, களைத்துப்போய்ப் பால்கனியிலோ படிக்கட்டிலோ உட்கார்ந்திருக்கும், அல்லது கண்ணாடியில் மோதிக் கிடக்கும். பெட்டியில் இரண்டு மணி நேரம் இருட்டில் வையுங்கள். தெளிந்ததும் புதரும் சருகும் உள்ள தோட்டத்தில் விடுங்கள். கூண்டில் வைத்து "அழகாயிருக்கிறதே" என்று வளர்க்கத் தொடங்குவது 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும் அதே சட்டம்தான். மோதல் அடிக்கடி நடக்கும் கண்ணாடியென்றால் அதன் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒற்றைக் கழுகுப் படம் ஒட்டிப் பயனில்லை, அதைச் சுற்றிப் பறக்கப் பார்த்து மறுபடி மோதும்.

பாம்பு

சென்னை வீடுகளில் வரும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை: சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன், ஓநாய்ப் பாம்பு. உயிருக்கு ஆபத்தான நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அடிக்கடி குழம்புவது இரண்டு ஜோடி. கட்டுவிரியனுக்கு வெள்ளை வளையங்கள் கழுத்துப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, உடம்பின் பின்பக்கம் தெளிவாக, பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வரும். ஓநாய்ப் பாம்புக்கு நேர்மாறு. கழுத்தருகே தெளிவு, வால் பக்கம் மங்கல். அடுத்தது, உடம்பெல்லாம் திட்டுள்ள மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வார்கள். கண்ணாடி விரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை முட்டைவடிவத் திட்டு. நெருங்கினால் குக்கர் ஆவி விடுவதுபோல் நீளமாகச் சீறும். இந்த அடையாளமெல்லாம் தள்ளி நின்று பார்க்க மட்டும். கையில் எடுத்துச் சரிபார்க்க அல்ல. (அரணையும் இதில் மாட்டிக்கொண்டு அடிபடுகிறது. அரணைக்கு விஷமே கிடையாது. நக்கினால் மரணம் என்பது எதுகை மோனைக்காகச் சொன்னது.)

வீட்டுக்குள் பாம்பு வந்தால் ஒருவர் 3 மீட்டர் தள்ளி நின்று அதன்மேலேயே கண் வைத்திருங்கள். பார்வையை விட்டுவிட்டால் பிறகு அலமாரி அலமாரியாகத் தேட வேண்டியதுதான். குழந்தை, நாயை வெளியேற்றுங்கள். தெருப்பக்கக் கதவு இருந்தால் அதை மட்டும் திறந்து வைத்து, உள்கதவின் அடி இடுக்கில் சாக்கைத் திணியுங்கள். பிறகு வேளச்சேரி வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ சொல்லுங்கள். வனத்துறை எண்ணை இன்றைக்கே செல்போனில் பதிந்து வையுங்கள். பாம்பு வந்த பிறகு தேடினால் கை நடுங்கும். மண்ணெண்ணெய், பினாயில், பூண்டுத் தண்ணீர் எதுவும் பாம்பை விரட்டாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அது வலியில் தாறுமாறாக ஓடும், அபாயம் கூடும்.

வராமல் தடுப்பது எலியிலிருந்து தொடங்குகிறது. குப்பைத் தொட்டிக்கு மூடி, கழிவுநீர்க் குழாய் வாய்க்கு 6 மி.மீ. கம்பிவலை, கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை. சுவரோரம் அடுக்கிய செங்கல், ஓலை, பழைய மரச்சாமான் எல்லாவற்றையும் மழைக்கு முன் அகற்றுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொந்துகளில் தண்ணீர் நிறையும்போது பாம்பு மேடான, காய்ந்த இடம் தேடி ஷூவுக்குள்ளும் ஸ்கூட்டருக்குள்ளும் வாஷிங் மெஷின் அடியிலும் வரும். அந்த மாதங்களில் ஷூவைத் தட்டிப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். தரையில் படுப்பவர்களைக் கட்டுவிரியன் தூக்கத்தில் கடிக்கும். கட்டிலும் நான்கு பக்கமும் செருகிய கொசுவலையும் சிறந்த காப்பு.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட கையையோ காலையோ அட்டையோ கட்டையோ வைத்து அசையாமல் கட்டி, ஆளைப் படுக்க வைத்து, 108-க்கு அழைத்து, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை இவற்றில் எது பக்கமோ அங்கே போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. இங்கே தரப்படும் விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்குக்கும் சேர்த்தே தயாரானது. (அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில், 1978 முதல் இயங்கும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் முக்கியமானவர்கள்.) கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, கண்ணிமை தானாகத் தொங்குதல், பேச்சுக் குழறல் இருந்தால் கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

மச்சு மேல் சத்தம்

மயிலாப்பூர், அடையாறு பக்கப் பழைய வீடுகளில் இரவில் ஓட்டுக்கு மேல் தடதடவென்று ஓடுவது பெரும்பாலும் மரநாய். எலியும் பழமும் தின்னும், ஆளைச் சீண்டாது. பொறி வைத்துப் பிடித்து வேறெங்கோ விட்டால் காலியான இடத்துக்கு அடுத்த மரநாய் வரும். இருட்டியதும் அது வெளியே கிளம்பிய பிறகு ஓட்டையைக் கம்பிவலையால் அடையுங்கள். குட்டிச் சத்தம் கேட்டால் அவை தாயோடு வெளியேறும்வரை பொறுங்கள்.

கடற்கரை

பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் முட்டையிட வருகிறது. ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடும். 45 முதல் 55 நாளில் பொரியும். குஞ்சுக்கு முக்கிய வழிகாட்டி, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போவது. இயற்கையில் அது கடல். பெசன்ட் நகரிலும் நீலாங்கரையிலும் அது தெருவிளக்கு. கரையோர வீட்டுக்காரர்கள் ஜனவரி முதல் மே வரை கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைப்பது, ஆயிரம் போஸ்டர் ஒட்டுவதைவிடப் பயன். அணைக்கவே முடியாத விளக்குக்குக் கீழ்நோக்கிய மூடி போட்டு, வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மங்கிய சிவப்பு பல்பு மாட்டுங்கள்.

முட்டையிடும் ஆமையைப் பார்க்க நேர்ந்தால் பின்பக்கமாக 10 மீட்டர் தள்ளி உட்காருங்கள். டார்ச், ஃபிளாஷ், பேச்சு எதுவும் வேண்டாம். கரையேறும்போது தொந்தரவு செய்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். மணலில் தடம் மட்டும் கண்டால் குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள், முட்டை உடையும். தடத்தைப் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். சாலையில் குஞ்சுகள் சிதறிக் கிடந்தால் ஈர மணல் போட்ட வாளியில் சேருங்கள். தண்ணீர் ஊற்றிய வாளி கூடாது. நீந்தி நீந்திக் கடலுக்குப் போகுமுன்பே சக்தி தீர்ந்துபோகும். அலைக்குச் சில மீட்டர் முன்பே மணலில் விடுங்கள், தானாக நடந்து இறங்கட்டும். கடலுக்குள் தூக்கி எறியாதீர்கள்.

கண்டு கற்க வேண்டுமென்றால் 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களை நடைக்கு அழைத்துப் போகிறது. மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். செருப்பு, கேமரா ஃபிளாஷ் இல்லாமல் வாருங்கள். ஆமையே வராத இரவுகள் நிறைய உண்டு.

பார்த்ததைப் பதிவது

பள்ளிக்கரணைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை 6 முதல் 8 மணிக்குள் போங்கள். 8 மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பெருகும். பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, நீலத் தாழைக்கோழி. பல்லாவரம் துரைப்பாக்கம் சாலையோரத்திலிருந்தே தெரியும், ஆனால் வண்டியை ஓரங்கட்ட இடம் பார்த்து நிறுத்துங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்க எளிய வழி, 15 நிமிடம் மாடியில் நின்று கண்ட பறவை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுவது. அபூர்வப் பறவையை மட்டும் போடாமல் காக்கை, மைனாவையும் எண்ணிப் போட்டால்தான் பத்தாண்டு கழித்து எது குறைந்தது என்று தெரியும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் நடைகளில் பெயர் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள்.

செடி, பூச்சி, பாம்புப் படங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற தளம். அதில் கூகைக் கூடு, நட்சத்திர ஆமை, மண்ணுளி இவற்றின் படத்தை ஏற்றும்போது இருப்பிடத்தை மறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்; பிடித்து விற்பவர்களும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் தெருப்பெயரை எடுத்துவிட்டுப் போடுங்கள். தெருவில் மரம் வெட்டத் தொடங்கினால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் மாநகராட்சியின் 1913-க்கு, மரத்தின் படத்தோடும் நேரத்தோடும் புகார் கொடுங்கள்.